மண்டபத்துக்கும் ஆட்களுக்கும் பழகுவது எப்படி: மலையக நாடகக் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு

நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் கையில் நெறியாளர் முதலில் கொடுப்பது பிரதியைத்தான். வாங்கிப் பையில் வையுங்கள். அதை வாசிக்க நேரம் வரும். இலங்கையின் மலையகத்தில், அதாவது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியில், ஒரு நாடகம் மேடையில் எப்படி நிற்கும் என்பதில் பாதியைக் கூரைத் தகரமும் மீதியை நடிகர்களின் வேலை நேரமும் தீர்மானித்துவிடுகின்றன. இந்த இரண்டும் தெரியாமல் பிரதியை மட்டும் கரைத்துக் குடித்தவர், வெள்ளோட்டத்தன்றுதான் 'இந்தக் காட்சி இங்கே நடக்காது' என்று கண்டுபிடிப்பார். அதற்குள் பலகை வாங்கியாகிவிடும்.

ஆகவே முதல் வாரம் மண்டபம், அதோடு சேர்த்து ஆட்கள், பிறகு பிரதி. மேடை முகாமைக்கு உதவியாளராகவோ காட்சியமைப்புக்குக் கைகொடுக்கவோ வருகிறவரை நினைத்து எழுதியது இது. நடிக்க வருகிறவருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

திறப்பு யாரிடம்?

தோட்டப் பக்கத்தில் நாடகம் போடக் கிடைக்கும் இடங்கள் நாலைந்து வகைதான். பாடசாலை மண்டபம், கோவில் மண்டபம், தோட்டத்துப் பொது மண்டபம், டவுனில் நகர சபை அல்லது பிரதேச சபை மண்டபம். எதுவும் அமையாவிட்டால் பிரட்டுக்களம், அதாவது காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் திடல். ஒவ்வொன்றுக்கும் கடிதத்தில் ஒரு பொறுப்பாளர் இருப்பார், நடைமுறையில் வேறொருவர் இருப்பார். பாடசாலையில் அனுமதி தருபவர் அதிபர், திறப்பு (சாவி) காவல்காரரான வாச்சரிடம். தோட்ட மண்டபத்துக்குக் கடிதம் தோட்ட முகாமையாளரான துரைக்குப் போகும், ஆனால் தோட்டத் தலைவருக்கு முதலில் சொல்லாமல் அது நகராது. கோவில் மண்டபத்தில் பரிபாலன சபைத் தலைவரும் பூசாரியும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும்.

முதல் நாளே இரண்டு பேரின் பெயரையும் கொப்பியில் எழுதுங்கள். மண்டபத்தைப் பற்றிய உண்மை முழுக்கத் திறப்பு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் கூரை ஒழுகும், எந்தப் பிளக் வேலை செய்யாது, மேடையின் எந்தப் பலகை உக்கிப் போயிருக்கிறது என்று அவரிடம் ஒரு தேத்தண்ணி நேரம் பேசினால் போதும்.

கோவில் மண்டபம் என்றால் கூடுதலாக மூன்று கேள்விகள்: செருப்பு எதுவரை போடலாம், நடிகர்களுக்கு மச்சச் (மீன், இறைச்சி) சாப்பாடு எங்கே வைத்துக் கொடுக்கலாம், தப்பு மேளத்தை (பறையை) உள்ளே கொண்டுபோகலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். தப்படிக்கிறவர் நிகழ்ச்சியன்று வாசலில் வைத்துத் தடுக்கப்படுவதைவிட, 'முடியாது' என்ற பதிலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வேறு மண்டபம் தேடுவது மேல்.

அனுமதிகளில் மறக்கக்கூடாதவை இரண்டு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அது செல்லாது, ஆகவே நாடகம் 9.30க்காவது முடிகிற மாதிரி நேரம் போடுங்கள். பொதுமக்களுக்கு மேடையேற்றும் நாடகத்தின் பிரதிக்கு 1912 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அரச அனுமதி எடுக்க வேண்டியிருக்கும். அது நெறியாளரின் வேலை. எடுத்தாயிற்றா என்று கேட்டுவைப்பது உங்கள் வேலை.

அளவு எடுப்பது

30 மீட்டர் டேப், டோர்ச், வெண்கட்டி, கட்டக் கோடு போட்ட கொப்பி, உதவிக்கு ஒருவர். காலை 9 மணிக்குப் போனால் வெளிச்சம் கிடைக்கும். அதே மண்டபத்துக்கு நாடகம் நடக்கப்போகிற நேரத்தில் இன்னொரு தரமும் போக வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

1. மேடையின் முகப்பு அகலம், ஆழம், தரையிலிருந்து மேடை உயரம், மேடையிலிருந்து மேல் வளை வரை உயரம். அகலத்தை இரண்டு தூணுக்கும் இடையில் அளக்க வேண்டும். தூணுக்கு அப்பால் மறைந்திருக்கும் பக்க இடத்தைத் தனியாகக் குறியுங்கள். நடிகர் ஒளிந்து நிற்க அங்கே 3 அடி கூட இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தால் உள்ளே வருவது, வெளியேறுவது எல்லாம் கனவு.

2. ஒவ்வொரு கதவின் அகலமும் உயரமும். வாசலில் அளப்பதோடு நிற்காமல் வளைவில் உள்ள படிக்கட்டு, நடைக்கூடம், லொறி நிற்கும் இடம் வரைக்கும் நடந்து பாருங்கள். மலையில் லொறி நிற்கும் இடத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே 60, 70 படிகள் இருப்பது சாதாரணம். மழைக்காலத்தில் அந்தப் படியோரப் புல்லில் அட்டை இருக்கும். உப்புப் பை ஒன்று சாமான் பெட்டியில் இருக்கட்டும்.

3. முதல் வரிசையின் இரு முனைக் கதிரைகளிலும் கடைசி வரிசை நடுவிலும் உட்கார்ந்து பாருங்கள். மேடையில் உதவியாளர் வெண்கட்டியோடு நடக்கட்டும். முனைக் கதிரையிலிருந்து அவர் தலை மறையும் புள்ளியில் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு முனைக் கோடுகளுக்கும் உள்ளே இருப்பதுதான் உங்கள் மேடை. அதற்கு வெளியே நடப்பதைப் பாதிச் சனம் பார்க்காது.

4. நடு மண்டபத்தில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். ஓசை இழுத்துக்கொண்டே போனால் வசனம் குழம்பும். சீமெந்துச் சுவரும் வெறுந் தரையும் உள்ள மண்டபம் எல்லாம் இப்படித்தான். சனம் நிறைந்தால் பாதி அடங்கும். மீதிக்குப் பின்சுவர் நீளத்துக்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டால் வித்தியாசம் காதில் தெரியும்.

5. மேடைப் பலகை ஒவ்வொன்றையும் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். தளர்ந்த பலகைக்கு வெண்கட்டியால் பெருக்கல் அடையாளம். ஆட்டம் உள்ள நாடகம் என்றால் அந்தப் பலகைகளைத் திருத்தாமல் ஒத்திகைக்கே விடக்கூடாது.

6. வெளிச் சுற்று. கூரை ஓரம், பக்கத்து மரம், தண்ணீர்த் தாங்கியின் அடிப்பக்கம் எங்கும் குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கொழுந்து மலையில் குளவி என்ன செய்யும் என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, டவுனிலிருந்து வருகிற தொழில்நுட்பக் காரர்களுக்குச் சொல்ல வேண்டும். புகையும் அதிர்வும் கூட்டைக் கிளப்பிவிடும். கூடு இருந்தால் நீங்களாகக் கை வைக்காமல் வாச்சரிடம் சொல்லுங்கள். அகற்றிய பிறகுதான் வேலை.

மலசலகூடமும் தண்ணீரும் அளவில் சேர்த்தி இல்லை என்று விட்டுவிடுவார்கள். பெண்கள் நடிக்கிற குழுவில் உடை மாற்ற ஓர் அறையும் பூட்டு விழுகிற மலசலகூடமும் இல்லாத மண்டபம் சரிப்படாது. மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிதான்.

இரண்டாவது தரம் போவது எதற்கென்றால், மலையில் மண்டபம் மாலையில் வேறு மண்டபமாகிவிடும். பனிமூட்டம் கதவால் உள்ளே வரும். எனாமல் பூசிய மேடைத் தரை வியர்த்து வழுக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அங்கே 10 பாகைக்குக் கீழும் இறங்கும். மெல்லிய வேட உடையில் பக்கத் திரைக்குப் பின்னால் 20 நிமிடம் காத்து நிற்கிற நடிகரின் தொண்டை முதல் வசனத்திலேயே காட்டிக்கொடுக்கும். பதுளை அப்படியல்ல, அது 700 மீட்டருக்கும் குறைவு. ஒரே நாடகத்தைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோகிற குழு இதையெல்லாம் ஊர் ஊராகக் குறித்துவைக்க வேண்டும்.

மழை

தகரக் கூரையில் பெருமழை விழும்போது மேடையில் கத்தினாலும் இரண்டாம் வரிசைக்குக் கேட்காது. மேடை ஓரத்தில் வைத்த மைக் உதவாது, வசனத்தோடு மழையையும் சேர்த்துத்தான் பெருக்கும். சட்டையில் குத்துகிற மைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் எல்லா நடிகருக்கும் அது கிடைக்காது.

முதல் மருந்து தேதி. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவில் வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் அந்த மாதங்களில் வறட்சியாக இருக்கும், அங்கே மழை மார்கழி, தையில். இரு பக்கத்துக்கும் பொதுவாகச் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழை உண்டு, அந்த மாதங்களில் காலை 10 மணிக்கு நாடகம் போடுவதே புத்தி. மேற்குச் சரிவுக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. ஆனால் அதற்குள் மாசி வருகிறது, மாசி காமன் கூத்துக்குரியது. அதைப் பற்றிக் கீழே.

இரண்டாவது மருந்து பிரதிக்குள். மழை வந்தால் வசனத்தை நிறுத்திப் பாட்டுக்கோ தப்புக்கோ போகக்கூடிய மூன்று, நான்கு இடங்களை நெறியாளரோடு உட்கார்ந்து பிரதியில் சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். அங்கே எந்தப் பாட்டு, யார் தொடங்குவது, எந்தச் சைகையில் வசனத்துக்குத் திரும்புவது என்பதை ஒத்திகையில் ஒரு தரமாவது செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பார்க்காத குழு மழைக்குள் கத்திக்கொண்டே இருக்கும். சனம் குடையை எடுக்கும்.

இடி முழங்கத் தொடங்கினால் ஒலிச் சாமான்களின் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

மின்சாரக் கணக்கு

இது நாலாம் வகுப்புப் பெருக்கல்தான். 230 வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 15 ஆம்பியர் பிளக்கில் 3,450 வாட். முழுதாக ஏற்றாமல் 2,700 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்துக்கே 30 ஆம்பியர் தனி பேஸ் இணைப்புத்தான் என்றால் மொத்தம் 6,900, பாதுகாப்பாக 5,500.

எல்.ஈ.டி. பார் விளக்கு ஒன்றை 150 வாட் என்று போட்டால் 8 விளக்குக்கு 1,200. ஒலிக்கு 1,000. இதுவரை நிம்மதி. பழைய 1,000 வாட் ஹலஜன் விளக்கு இரண்டைச் சேர்த்தால் 4,200, ஒரே பிளக்கில் தாங்காது. இனி, ஒப்பனை அறையில் யாரோ தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போடுவார். அது தனியாக 1,500 முதல் 2,000. முக்கியமான காட்சியில் மண்டபம் இருண்டு போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கேத்தல்தான் காரணம். நிகழ்ச்சியன்று தண்ணியை வெளியே விறகடுப்பில் கொதிக்கவையுங்கள்.

விளக்கும் ஒலியும் ஒரே பிளக்கில் இருந்தால் ஒலிபெருக்கி இரையும், ஆகவே வெவ்வேறு சுவரிலிருந்து எடுங்கள். நீட்டு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று இழை உள்ளதாக இருக்கட்டும். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். ஈரக் காற்றில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் மின் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைக் கட்டிவைத்து ஓட்டப் பார்க்கிறவரை மேடைப் பக்கமே விடாதீர்கள்.

ஆட்கள்

குழுவில் யார் யார் இருப்பார்கள்? கொழுந்தெடுக்கிற அக்காமார், தொழிற்சாலையில் வேலை செய்கிற அண்ணன்மார், கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு வருகிற தம்பிமார், ஆசிரியர் ஒருவர் இருவர், நாடகமும் அரங்கியலும் பாடம் எடுக்கிற உயர்தர மாணவர்கள். எல்லோருக்கும் மேலே, பரம்பரையாகக் கூத்து ஆடி வருகிற இரண்டு மூன்று பெரியவர்கள். இவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடக்கூடிய மணித்தியாலம் வாரத்தில் மிகக் குறைவு. அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் கணக்கு.

ஆளுக்கொரு பக்கமாகக் கொப்பியில் எழுதுங்கள்: வீட்டில் கூப்பிடும் பெயர், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் (வரிசை வீடு), வீடு போகும் வழி, கடைசி பஸ் நேரம், யாருடைய போனுக்கு எடுத்தால் கிடைப்பார், வர முடியாத நாட்கள், மூச்சிழுப்பு போன்ற நோய் உண்டா, கடைப்பிடிக்கும் விரதம். உடைக்காக உயரம், மார்பு, இடுப்பு அளவுகள். இதை முதல் சந்திப்பில் படிவம் நிரப்புகிற மாதிரிக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று ஒத்திகையில் பேச்சோடு பேச்சாகச் சேர்ந்துவிடும்.

வேலை நாள் பகலில் ஒத்திகை வைக்கவே கூடாது. கொழுந்தெடுக்கிற ஒருவர் நேரத்தோடு மலையை விட்டு இறங்கினால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். அந்தக் காசைக் குழு கொடுக்கப் போவதில்லை. மாலை 6 மணி ஆண்களுக்குச் சரி. பெண்களுக்கு அந்த நேரம் அடுப்படியும் பிள்ளைகளும், ஆகவே ஞாயிறு காலை 9 முதல் 12.30 வரைதான் அவர்களுக்கு உண்மையாகவே கிடைக்கிற நேரம். பெண்கள் வருகிற காட்சிகளை அந்த மூன்றரை மணிக்குள் அடுக்குங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பாய் ஒன்றும் பிள்ளை பார்க்க ஒரு ஆளும் இருந்தால் தாய் ஒத்திகையில் நிற்பார். இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்யாமல் 'பெண்கள் நடிக்க வருவதில்லை' என்று அலுத்துக்கொள்கிற குழுக்கள் நிறைய.

கொழுந்து அதிகம் விழுகிற காலத்தில் தொழிற்சாலை இரவு முழுக்க ஓடும். அங்கே வேலை செய்கிறவர் காலையில்தான் தூங்கப் போவார், அவரை 9 மணி ஒத்திகைக்கு அழைத்தால் வருவார், ஆனால் ஒன்றும் ஏறாது. இருட்டிய பிறகு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். பிரிவு பிரிவாகக் கூட்டமாக, டோர்ச்சோடு போகட்டும். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கூப்பிடும் முறை சின்ன விஷயம்போலத் தெரியும். புதியவர் பிழைப்பதும் கவிழ்வதும் அதில்தான். வயதில் மூத்தவர்கள் அண்ணே, அக்கா. இன்னும் மூத்தவர் மாமா, பெரியப்பா, எப்படி மற்றவர்கள் அழைக்கிறார்களோ அப்படி. கூத்து பழக்குபவர் மாஸ்டர். நெறியாளர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் ஒத்திகையில் 'வாங்க, சொல்லுங்க'தான். மேடையில் பெயர் சொல்லி அதட்டுகிற வழக்கத்தை டவுனிலிருந்து கொண்டுவராதீர்கள்.

கூத்தர்களோடு வேலை செய்வது

மலையகத்தில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மூன்று கூத்துகளைப் பெரிதாகச் சொல்வோம். நவீன நாடகத்துக்கு வருகிற தோட்டத்து நடிகர்களில் பலர் இவற்றில் ஆடியவர்கள், அல்லது ஆடியவரின் பிள்ளைகள். மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிந்து முடியும்வரை அவர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். காமனாகவும் ரதியாகவும் ஆடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதத்தில் இருப்பார்கள். அந்த நாட்களில் ஒத்திகை வைத்துவிட்டு 'ஏன் வரவில்லை' என்று கேட்பது முட்டாள்தனம். போய்ப் பார்வையாளராக நில்லுங்கள். உங்கள் நடிகர் என்னவெல்லாம் செய்யக்கூடியவர் என்பது அங்கே ஓர் இரவில் தெரியும்.

பொட்டலில் சனம் சுற்றி நிற்கும். நடிகர் நாலு பக்கமும் சுழன்று ஆடிப் பழகியவர். அவரை மூன்று பக்கம் சுவர் உள்ள மேடையில் ஏற்றினால் நாலைந்து அடிக்கு ஒரு தரம் சனத்துக்கு முதுகைக் காட்டுவார். இளம் நெறியாளர்கள் இதைப் பிழை என்று திருத்தத் தொடங்குவார்கள், ஆட்டம் செத்துப்போகும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆட்ட வட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து, திரும்பும் இடம் மேடையின் பின்மூலையில் விழுகிற மாதிரி அமைக்கலாம். அல்லது மேடையையே விட்டுவிட்டு மண்டபத் தரையில் ஆடலாம். முன்னால் பாயில் பிள்ளைகள், அதற்குப் பின் வாங்கு, பிறகு கதிரை, கடைசியில் நிற்பவர்கள் என்று மூன்று பக்கமும் இருத்தினால் எல்லோருக்கும் தெரியும். தரை இடம் கொடுத்தால் இரண்டாவதுதான் எப்போதும் நல்லது. பாதி மண்டபங்களின் மேடை பரிசளிப்பு விழாவுக்குக் கட்டியது, ஆட்டத்துக்குக் கட்டியதல்ல.

கூத்தர்கள் பலர் காதால் பாடம் செய்தவர்கள். பிரதியைப் போட்டோ கொப்பி எடுத்துக் கையில் திணிப்பதைவிட, ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்ட, அவர் திருப்பிச் சொல்லட்டும். மூன்றாவது தரத்தில் வந்துவிடும், அதன்பிறகு மறக்காது. எழுத்தில் படித்தவர்கள்தான் வரி தாண்டுவார்கள். மேடைக்கு வரும் சைகையையும் விளக்கில் வைக்காதீர்கள். 'நீல விளக்கு வந்ததும் வாங்க' என்றால் தடுமாறுவார். தப்பின் அடி மாறும் இடத்தைச் சொன்னால் ஒரு கணமும் தப்பாது.

தப்பைப் பற்றி ஒன்று. பனியிலும் மழையிலும் தோல் தொய்ந்து ஓசை மங்கும். வைக்கோலோ காகிதமோ எரித்து, தோல் பக்கத்தைத் தணலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டினால் 'டண்' என்று வரும்வரை. ஈரமான இரவில் ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டு மூன்று தரம் இது தேவைப்படும். ஆகவே மண்டபத்துக்கு வெளியே, கூரைக்குக் கீழ் ஆனால் திரைக்கும் சாக்குக்கும் தூரத்தில், ஒரு நெருப்பிடமும் பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சி முடிக்க 5 நிமிடமாவது வேண்டும் என்று பிரதியில் குறித்து வையுங்கள். மேடைக்குள் தீ வேண்டாம். காமன் எரிகிற காட்சி நாடகத்தில் இருந்தாலும் அதைத் துணியாலும் விளக்காலும் காட்டுங்கள்.

தரையில் மேடையை வரைதல்

மண்டபம் ஒத்திகைக்கு அடிக்கடி கிடைக்காது. பிரட்டுக்களத்திலோ பாடசாலை மைதானத்திலோ உண்மை அளவில் மேடையை வரைந்துகொள்ளுங்கள். மூலை சரியாக வர, ஒரு பக்கத்தில் 3 அடி, மறு பக்கத்தில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலை நேர். சுண்ணாம்புக் கோடு மழையில் போய்விடும், நாலு முளையும் கயிறும் நிற்கும். மண்டபத்தில் குறித்த பார்வைக் கோடுகளையும் சேர்த்துப் போடுங்கள். பிரதியை எடுத்து வாசிக்கவேண்டிய நேரம் இதுதான். இப்போது ஒவ்வொரு காட்சியும் எந்தக் கதவால் வருகிறது, எந்த ஆள் எத்தனை அடி நடக்க வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

காட்சித் தட்டிகள்

வழக்கமாகப் புத்தகத்தில் சொல்லப்படும் அளவு 8க்கு 4 அடி. மலைக்கு அது ஒத்துவராது. பட்டா என்கிற சின்ன லொறியின் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம். கடையில் மலிவாகக் கிடைக்கும் காடாத் துணி 45 அங்குல அகலம், அது 48 அங்குலச் சட்டத்தை மூடாது. ஆகவே 7க்கு 3½ அடியில் செய்யுங்கள். லொறியில் ஏறும், வளைந்த படியில் இருவர் தூக்கலாம், துணியிலும் தையல் வராது.

ஒரு தட்டிக்கு 2க்கு 1 அங்குலப் பைனஸ் சட்டம் 30 அடி. நீளச் சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டம் மூன்று, மூலைகளில் சாய்வுத் துண்டு இரண்டு. முடிச்சுள்ள மரத்தை நீளச் சட்டத்துக்கு எடுக்காதீர்கள், அந்த இடத்தில் முறியும். அல்பீசியா மலிவு, இலேசு, ஆனால் ஆணி பிடிக்காது. திருகாணி போட்டால் சமாளிக்கலாம். மூலைகளுக்கு 6 மில்லிமீட்டர் பிளைவூட் முக்கோணம் நாலு. துணி 2¼ மீட்டர்.

துணியை முதலில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும். முறுக்கி இழுக்காதீர்கள். பசை பூசியதும் துணி தானாகச் சுருங்கும், ஏற்கெனவே இழுத்திருந்தால் சட்டமே வளைந்துவிடும். பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் 8 முதல் 10 பங்கு. கட்டியில்லாமல் கரைத்துக் கண்ணாடிபோல் வரும்வரை காய்ச்சுங்கள். மலையின் ஈரத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பசைச் சட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மூடிவைக்க வேண்டும்.

காய்வதற்குக் கொழும்பில் ஒரு பகல் போதும். மலைநாட்டில் மூன்று நாள் ஒதுக்குங்கள். பசை காயுமுன் சாயம் பூசினால் கறை கறையாக நிற்கும். நிகழ்ச்சிக்கு முதல் நாள் பூசிய தட்டியில் நடிகரின் முதுகு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

தட்டியை நிறுத்தப் பின்னால் சாய்வுக் கால். அதன் அடியில் உரப்பையில் 15 கிலோ மணல். உரப்பையைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மிச்சமிருக்கும் உரம் ஈரத்தை இழுத்து மேடையை நனைக்கும், ஆணியையும் துருப்பிடிக்க வைக்கும்.

ஒப்பனை

சுருக்கமாக: மீசையும் தாடியும் ஒட்டும் பசையை மெல்லியதாகப் பூசி, பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். பனியில் அவசரப்பட்டால் இரண்டாம் காட்சியில் மீசை தொங்கும். சிவப்புக்குக் கடைச் செந்தூரத்தை முகத்தில் பூச வேண்டாம், சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். உடை மாற்ற 2 நிமிடத்துக்குக் குறைவான நேரம் உள்ளவர்களின் பட்டியலை அறைக் கதவில் ஒட்டி, அவர்களுக்கு மட்டும் ஒரு உதவியாளர்.

நிகழ்ச்சி நாள்

காலை 7 மணிக்கு மண்டபம் திறந்தால் தட்டியும் விளக்கும் 11க்குள் நிற்கும். 11 முதல் 1 வரை ஆட்கள் இல்லாமல் விளக்கும் ஒலியும். சாப்பாடு. 2 மணிக்கு முழு உடையோடு வெள்ளோட்டம், நிறுத்தாமல். 4.30க்குப் பிறகு மேடையில் யாரும் ஏறக்கூடாது, துடைப்பத்தோடு நீங்கள் தவிர. கதவு திறக்குமுன் இஞ்சி போட்ட பிளேன் டீ, பால் வேண்டாம், தொண்டையில் சளி கட்டும் என்று பாடுகிறவர்கள் சொல்வார்கள். காத்திருப்பவர்களுக்குச் சால்வையோ ஸ்வெட்டரோ மேடை ஓரம் வரை போட்டிருந்து, வசனத்துக்கு முன் கழற்றி உங்களிடம் கொடுக்கட்டும்.

சனம் போனதும் எல்லோரும் களைத்திருப்பார்கள், ஆனால் ஆணி பிடுங்குவதை அடுத்த நாளுக்கு விடாதீர்கள். திங்கள் காலை அந்த மேடையில்தான் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். முதலில் நடிகர்களைப் பிரிவு பிரிவாக வண்டியில் ஏற்றி அனுப்புங்கள், அதன்பிறகு விளக்கு, வயர், தட்டி. காந்தத் துண்டு ஒன்றை நூலில் கட்டி மேடை முழுதும் இழுத்தால் விழுந்த ஆணிகள் ஒட்டிக்கொள்ளும். திரையையும் உடைகளையும் அன்றிரவே பெட்டியில் அடைக்க வேண்டாம். கயிற்றில் விரித்துவிட்டு, வெயில் வருகிற நாள் பார்த்துக் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு மடித்த துணியில் ஒரு வாரத்தில் கரும்புள்ளி விழும், அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.